செம்பனை எண்ணெய் வாங்குமுன் அது எந்த மண்ணிலிருந்து வந்தது என்று பார்ப்பது எப்படி

2013 ஜூன் 21 நண்பகலில் சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. சுமத்ராவின் ரியாவ் மாநிலத்தில் எரிந்த நிலத்திலிருந்து வந்த புகைமூட்டம் அது. 2015இல் இந்தோனேசியாவில் எரிந்தது, உலக வங்கியின் கணக்குப்படி, 26 லட்சம் ஹெக்டர். சிங்கப்பூரின் பரப்பளவைப் போல் ஏறத்தாழ 35 மடங்கு. காகிதக்கூழுக்கான மரத் தோட்டங்கள், நிலத்தகராறு, வாய்க்கால் வெட்டி அப்படியே கைவிட்ட சதுப்பு என்று காரணங்கள் பல. பாமாயில் தரும் செம்பனையும் அவற்றில் ஒன்று. முறுக்கு சுடும் சட்டி வரைக்கும் வந்து சேர்வது செம்பனைதான் என்பதால், நம்மால் கேள்வி கேட்க முடிந்த இடமும் அதுதான்.

செம்பனை எண்ணெயை அடியோடு ஒதுக்கிவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒரு ஹெக்டர் செம்பனை ஆண்டுக்கு 3 முதல் 4 டன் எண்ணெய் தரும். சோயா அரை டன்னைக்கூட எட்டாது, சூரியகாந்தி முக்கால் டன்னுக்குப் பக்கத்தில் நிற்கும். செம்பனையை விட்டுச் சோயாவுக்குப் போனால், அதே அளவு எண்ணெய்க்கு இன்னும் பல மடங்கு நிலம் வேண்டும். அது பிரேசிலின் காட்டிலிருந்து வரலாம். தவிர, இந்தோனேசியாவின் செம்பனைப் பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு சிறுதோட்டக்காரர்களிடம் இருக்கிறது. எண்ணெய் எங்கே, எப்படி விளைந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம் பீட் நிலம். இலையும் வேரும் மட்காமல் நீரடியில் பல்லாயிரம் ஆண்டுகள் படிந்து, சில இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்குச் சேர்ந்த சதுப்பு அது. வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் வடியும், மேல்மண் காயும். பிறகு விழும் ஒரு பொறி தரைக்கு அடியிலேயே நகரும். மேலிருந்து ஊற்றும் தண்ணீர் போதாது, நல்ல மழை பெய்தால்தான் அணையும். புகைமூட்டம் வாரக்கணக்கில் நீள்வதற்குக் காரணம் இதுதான். பீட் நிலத்தில் நிலத்தடி நீர் மட்டம் 40 செண்டிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்று இந்தோனேசியா விதி வைத்திருப்பதும் இதனால்தான்.

முதல் வேலை, வீட்டில் உள்ளதைப் படிப்பது. ‘வெஜிடபிள் ஆயில்’, ‘குக்கிங் ஆயில்’ என்று முன்பக்கம் எழுதியிருக்கும் 5 லிட்டர் போத்தலின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். சிங்கப்பூரில் உட்பொருள்கள் எடை வரிசையில் அச்சிடப்படும், முதலில் இருப்பதே அதிகம். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் கலந்தது என்று படம் போட்ட போத்தலிலும் பெரும்பாலும் முதல் பெயர் ‘பாம் ஓலின்’ (செம்பனை எண்ணெயின் திரவப் பகுதி) என்றுதான் இருக்கும். ஊரிலிருந்து வரும் மிக்சர், முறுக்குப் பொட்டலங்களில் ‘பாமோலின்’ என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். உடனடி நூடல்ஸ், பிஸ்கட் இரண்டையும் பாருங்கள். 2021 ஜூனில் பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்களுக்குச் சிங்கப்பூர் தடை விதித்தது. அவற்றைப் போல் அறை வெப்பத்தில் இறுகி நிற்கும் கொழுப்பு தேவைப்படும் பண்டங்களுக்குச் செம்பனை வசதியான மாற்று. சோப்பில் ‘சோடியம் பாமேட்’ என்றால் செம்பனைதான். ஐ.என்.எஸ் 471 என்ற எண்ணும் (எண்ணெயையும் நீரையும் கலந்து நிற்க வைக்கும் சேர்பொருள்) நுரை தரும் ‘சோடியம் லாரில் சல்ஃபேட்’டும் சந்தேகத்துக்குரியவை. அவை வேறு எண்ணெயிலிருந்தும் வரலாம், தயாரிப்பாளரைக் கேட்டால்தான் தெரியும்.

அடுத்து முத்திரை. செம்பனை எண்ணெய்க்குச் சான்று தரும், 2004இல் தொடங்கிய ஆர்.எஸ்.பி.ஓ அமைப்பின் பனையோலைச் சின்னத்தைத் தேடுங்கள். 2018 நவம்பர் 15க்குப் பிறகு, எந்த ஆழமுள்ள பீட் நிலத்திலும் புதிதாக நடவு செய்ய அதன் தரவிதி இடம் தருவதில்லை. சின்னத்தைப் பார்த்ததும் நிம்மதியடைந்துவிடாதீர்கள், கூட இருக்கும் சொல்லையும் படியுங்கள். ‘சர்டிஃபைட்’ என்றால் சான்றுபெற்ற எண்ணெய் மற்றதோடு கலக்காமல் தனிக் குழாய், தனித் தொட்டி வழியாக வந்திருக்கிறது (‘செக்ரிகேட்டட்’ என்பது இந்த முறைதான்). ‘மிக்ஸ்ட்’ என்றால் மாஸ் பேலன்ஸ்: ஆலை வாங்கிய சான்றுபெற்ற அளவுக்கு மட்டுமே கணக்கு உண்டு, போத்தலுக்குள் இருப்பது கலப்பு. ‘கிரெடிட்ஸ்’ என்றால் ஒரு டன் சான்றுபெற்ற எண்ணெய்க்கு ஒரு சீட்டு என்று காகிதத்தில் வாங்கியது, எண்ணெய்க்கும் தோட்டத்துக்கும் நேர்த்தொடர்பு கிடையாது.

இதில் தனித்தொட்டி எண்ணெய்தான் எப்போதும் உயர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அறுத்த குலையை ஏறக்குறைய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் கொழுப்பு அமிலம் ஏறி விலை விழும். சிறுதோட்டக்காரர் தூரத்து ஆலைக்குப் போக முடியாது, அருகில் வரும் தரகரிடமே கொடுப்பார். அங்கே பலருடைய குலையும் கலந்துவிடும். தனித்தொட்டி மட்டுமே வேண்டும் என்று எல்லோரும் பிடிவாதம் பிடித்தால் முதலில் வெளியே தள்ளப்படுவது அவர்தான். ஆகவே வீட்டுக்கு வாங்கும் போத்தலுக்குத் தனித்தொட்டி, பிஸ்கட் போன்றவற்றுக்கு மாஸ் பேலன்ஸ், சிறுதோட்டக்காரரின் கிரெடிட் கிடைத்தால் அதுவும் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னத்தின் கீழ் ஓர் உரிம எண் இருக்கும். ஆர்.எஸ்.பி.ஓ இணையத்தளத்தில் அதைத் தேடி, பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எண் இல்லாத பனைமரப் படம் வெறும் அலங்காரம். ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்பதும் இங்கே எதையும் சொல்லாது, எந்தத் தாவர எண்ணெயிலும் அது சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. ஹெல்த்தியர் சாய்ஸ் சின்னம் சத்துக்கானது, காட்டுக்கானது அல்ல. மலேசியாவின் எம்.எஸ்.பி.ஓ, இந்தோனேசியாவின் ஐ.எஸ்.பி.ஓ இரண்டும் அரசுச் சான்றுகள். அவற்றைத் தொடக்கப் படியாக மட்டும் கொள்ளுங்கள்.

கேட்டரிங் செய்பவர்கள், கோயில் அன்னதானக் குழுவினர், தீபாவளிக்கு ஆர்டர் எடுத்துப் பலகாரம் சுடுபவர்கள் 17 கிலோ டின்னாக வாங்குகிறார்கள். ஒரு குடும்பம் ஆண்டு முழுதும் வாங்குவதை அவர்கள் ஒரு வாரத்தில் தீர்த்துவிடுவார்கள் என்பதால், அவர்கள் கேட்கும் கேள்விக்குத்தான் வலு அதிகம். விநியோகிப்பாளரிடம் இப்படிக் கேளுங்கள்: “அண்ணே, இந்த டின் எந்த ரிஃபைனரியிலிருந்து வருது? ஆர்.எஸ்.பி.ஓ சான்று இருந்தா செக்ரிகேட்டடா, மாஸ் பேலன்ஸா? இன்வாய்ஸ்ல சான்று எண் போட்டுத் தருவீங்களா?” கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சான்றுபெற்றதாக விற்கும் எண்ணெயின் ஆவணத்தில் சான்று எண்ணும் எந்த முறை என்பதும் இருந்தாக வேண்டும். வாய்ப்பேச்சில் ‘எல்லாம் சர்டிஃபைட்தான்’ என்றால் அது கணக்கில் சேராது.

சங்கிலி பெரும்பாலும் அறுவது கடைசிக் கண்ணியில்தான். சான்றில்லாத ஒருவர் பெரிய டின்னைப் பிரித்துப் பெயரில்லாத கேன்களில் ஊற்றி விற்றால், உள்ளே அதே எண்ணெய் இருந்தாலும் சான்று போய்விடும். மூடி முத்திரையோடு வாங்குங்கள். உரிமம் பெறாமல் உங்கள் மெனுவில் சின்னத்தை அச்சிடவும் கூடாது.

இன்னும் ஆழமாகப் போக நினைத்தால், பெரிய எண்ணெய் நிறுவனங்கள் பல தாங்கள் வாங்கும் ஆலைகளின் பட்டியலை, அட்சரேகை தீர்க்கரேகையோடு வெளியிடுகின்றன. அந்தப் புள்ளிகளைக் குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் வரைபடத்தில் இட்டு, சுற்று வட்டாரத்தில் பீட் நிலமும் அண்மைக் காட்டழிப்பும் உண்டா என்று பாருங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்தில், செயற்கைக்கோள் கண்ட தீப்புள்ளிகளைப் பார்க்கலாம். செயற்கைக்கோளில் உள்ள விர்ஸ் கருவி ஒரு புள்ளியை 375 மீட்டர் கட்டமாகக் காட்டும். புள்ளி விழுந்த உடனே இன்ன நிறுவனம் கொளுத்தியது என்று பகிர்ந்துவிடக் கூடாது. மேகமோ அடர்ந்த புகையோ மூடினால் தீ தெரியாமலே போகும். பக்கத்து ஊர் நிலமும் அதே கட்டத்துக்குள் வரலாம். நாள் கணக்கில் ஒரே தோட்ட எல்லைக்குள் புள்ளிகள் நகர்ந்தால் அதைக் குறித்துக்கொண்டு, அந்த ஆலையின் எண்ணெயை வாங்கும் நிறுவனத்துக்கு எழுதுங்கள். 2014ஆம் ஆண்டின் எல்லை கடந்த புகைமூட்டச் சட்டப்படி, வெளிநாட்டில் எரித்து இங்கே புகைமூட்டம் உண்டாக்கும் நிறுவனத்துக்கு நாளுக்கு 100,000 வெள்ளி வரை, மொத்தம் 2 மில்லியன் வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சிங்கப்பூருக்கு அதிகாரம் உண்டு.

எண்ணெயைக் குறைவாகச் செலவழிப்பதும் இதில் சேர்த்தி. 170 முதல் 180 பாகை செல்சியஸில் பொரியுங்கள். சூடு குறைந்தால் மாவு எண்ணெயைக் குடிக்கும், கூடினால் எண்ணெய் சீக்கிரம் கெடும். ஒவ்வொரு ஈட்டுக்கும் இடையே கருகிய துகளை அரித்தெடுத்து, ஆறியதும் துணியில் வடிகட்டுங்கள். நிறம் கறுத்து, நுரை அடங்காமல் நின்று, வழக்கத்துக்கு முன்பே புகைய ஆரம்பித்தால் அந்த எண்ணெயை விட்டுவிடலாம். சிங்கில் ஊற்றாதீர்கள், வீவக அடுக்குமாடி வீட்டுக் குழாயில் இறுகி அடைக்கும். போத்தலில் அடைத்து, பழைய எண்ணெய் சேகரிப்பவரிடம் கொடுங்கள். துவாஸில் உள்ள சுத்திகரிப்பு ஆலை இத்தகைய கழிவு எண்ணெயிலிருந்து விமான எரிபொருளும் டீசலும் தயாரிக்கிறது.