ஜூம் பெரிதா, சென்சார் பெரிதா?
பாக்கெட் கேமரா வாங்கும்போது பெட்டியில் 30 மடங்கு ஜூம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், எந்த வெளிச்சத்தில் படம் எடுப்பீர்கள் என்று முதலில் யோசியுங்கள். சோனி எச்எக்ஸ்99 மாதிரி சூப்பர்ஜூமில் 720 மி.மீ. குவியத்தூரம் வரை (எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்) இழுக்கலாம், வேடந்தாங்கலில் காலை வெயிலில் மரத்து உச்சி நாரையைப் பிடிக்க அது போதும். ஆனால் முழு ஜூமில் லென்ஸ் எஃப்/6.4 தான் (இந்த எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்), பொழுது மங்கினால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். சோனியின் இன்னொரு கேமராவான ஆர்எக்ஸ்100 மார்க் 3-இல் உள்ள, வெளிச்சத்தைப் படமாக்கும் 1 அங்குல சென்சார் (பெயரில்தான் அங்குலம், அளந்தால் 13.2 × 8.8 மி.மீ.!) பரப்பில் எச்எக்ஸ்99-இன் சென்சாரைப்போல சுமார் 4 மடங்கு, லென்ஸும் எஃப்/1.8-இல் தொடங்குகிறது, கல்யாண மண்டபம், வீட்டுக்குள் ஓடும் குழந்தை எல்லாம் ஃபிளாஷ் இல்லாமலே தேறும். ஜூம் மட்டும் 70 மி.மீ.யோடு சரி. எனக்குப் பறவைப் பைத்தியம் கிடையாது, அதனால் பெரிய சென்சார் பக்கம்தான்.