சூர்ஸ்ட்ரோமிங் டப்பாவை வீடு நாறாமல் திறப்பது எப்படி?

வடக்கு ஸ்வீடனில் ஆகஸ்ட் மாதத்து மூன்றாம் வியாழன்தான் சூர்ஸ்ட்ரோமிங் என்ற புளித்த மீனின் பருவம் தொடங்கும் நாள். வசந்த காலத்தில், முட்டையிடுவதற்கு முன் பிடித்த பால்டிக் ஹெர்ரிங் மீனை, அழுகிவிடாத அளவுக்கு மட்டும் உப்பிட்டுப் புளிக்க வைத்து டப்பாவில் அடைப்பார்கள். சூடாக்கிக் கிருமி நீக்குவதில்லை. ஆகவே உள்ளே புளிப்பு தொடர்கிறது, வாயு சேர்கிறது, டப்பா உப்புகிறது. இந்த மீனுக்கு அது இயல்பு. வேறெந்த டப்பா உணவு உப்பியிருந்தாலும் தூக்கி எறியுங்கள்.

அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடால் வருவது. கெட்ட வெண்ணெய் வாடைக்குக் காரணம் பியூட்டிரிக் அமிலம். மூக்கைத் தாக்குவது முதலில் பீறிடும் வாயுவும் உப்புநீரும்தான். அந்த நீரைச் சிந்தாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

வாங்கியதும் டப்பாவை ஃபிரிட்ஜில் வையுங்கள். வெப்பம் ஏற ஏற உள்ளே அழுத்தமும் ஏறும். விமானப் பையில் வைக்க நினைக்காதீர்கள். 2006இல் ஏர் பிரான்ஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் இதற்குத் தடை விதித்தன.

திறப்பது வெட்டவெளியில்தான், சாப்பாட்டு மேசையிலிருந்து தள்ளி, காற்று மேசைப் பக்கம் வீசாத இடத்தில். பழைய துணி உடுத்திக்கொள்ளுங்கள். டப்பாவை ஏறக்குறைய 45 பாகை சாய்த்துப் பிடியுங்கள். அப்போது வாயு மேல் விளிம்பில் திரளும். டப்பாவைத் துணியால் மூடி, அந்த விளிம்பில் சிறு துளை ஒன்று மட்டும் போடுங்கள். சீறல் முழுதும் அடங்கிய பிறகே மூடியை வெட்டுங்கள். நிமிர்த்தி வைத்து நடுவில் குத்தினால் வாயு உப்புநீரையும் சேர்த்துத் தள்ளும். சட்டை நனையும், வாடை லேசில் போகாது. முதல்முறை திறப்பவர்கள் வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தித் திறக்கலாம். தெறிப்பது தண்ணீரோடு நிற்கும், ஆனால் மீனின் சாறும் அதில் போய்விடும். கை பழகியவர்களுக்குச் சாய்த்துத் திறப்பதே மேல்.

மீன்களை எடுத்துத் தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். வயிற்றைக் கீறிக் குடலை நீக்கி, நடுமுள்ளை உருவி, தோலை உரியுங்கள். சினை இருந்தால் எறியாதீர்கள், அது உண்ணத் தக்கது.

துன்ப்ரெட் என்ற மெல்லிய ரொட்டியில் வெண்ணெய் தடவி, வேகவைத்த மாண்டல் என்ற பாதாம் வடிவ உருளைக்கிழங்கு, பொடியாக நறுக்கிய வெங்காயம், மேலே சிறு மீன்துண்டுகள் வைத்து மடியுங்கள். புளித்த பாலேடும் சேர்க்கலாம். மீன் கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும். நாக்கில் முதலில் தெரிவது உப்பும் புளிப்புமே. டப்பாவிலிருந்து நேரே எடுத்துத் தின்று முகம் சுளிப்பவர்கள் தவறவிடுவது இந்தச் சேர்மானத்தைத்தான்.

குடலையும் தோலையும் செய்தித்தாளில் சுற்றி, இரட்டைப் பையில் இறுகக் கட்டி அன்றே வெளிக்குப்பையில் போடுங்கள். வெறும் டப்பாவை உடனே கழுவுங்கள், இல்லாவிட்டால் ஈ மொய்க்கும். உப்புநீரைச் சமையலறைத் தொட்டியில் மட்டும் ஊற்றாதீர்கள்.