‘ரென்’ எழுதப் பழகுதல்: இரண்டு கீற்றுகளில் ஒரு சீன எழுத்து

சீன எழுத்துகளைக் கற்கத் தொடங்குவோர் ‘மனிதர்’ என்று பொருள்படும் ‘ரென்’ எழுத்திலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதில் இருப்பவை இரண்டே கீற்றுகள். ஆனால் அவை எங்கே தொடுகின்றன, எங்கே அழுத்தம் கூடிக் குறைகிறது என்பதில்தான் அந்த எழுத்தின் உயிர் இருக்கிறது. அதைக் கை உணர்ந்துவிட்டால் பின்னர் வரும் எழுத்துகள் எளிதில் வசப்படும்.

சீனப் பள்ளிக் குழந்தைகள், குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இரு கோடுகளால் நான்காகப் பிரிக்கப்பட்ட சதுரங்களில் எழுதிப் பழகுகிறார்கள். நம் கணக்கு நோட்டில் இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டங்களைச் சேர்த்து ஒரு சதுரமாகக் கொண்டால் அதே அமைப்பு கிடைத்துவிடும். பால்பாயிண்ட் பேனாவில் அழுத்த வேறுபாடு சரியாகத் தெரியாது என்பதால், தொடக்கத்தில் மென்மையான பென்சிலைப் பயன்படுத்துங்கள்.

முதல் கீற்றின் பெயர் ‘பியெ’. நடுக்கோட்டின் மேல்பகுதியில் பென்சிலை ஊன்றி, சிறிது தூரம் ஏறக்குறைய நேராக இறக்கி, பிறகு இடப்புறமாக வளைத்துக் கீழ்மூலையை நோக்கி இழுத்து, முனை மெலியும்படி கையைத் தூக்கிவிட வேண்டும். இரண்டாவது கீற்றான ‘நா’, முதல் கீற்றின் உச்சியில் தொடங்குவதில்லை. உச்சிக்குச் சற்றுக் கீழே, அதன் உடலைத் தொட்டபடி மெல்லியதாகப் புறப்பட்டு, வலப்புறம் இறங்க இறங்க அழுத்தம் கூடி, அடியில் ஒரு கணம் நின்று, கிடையாக வலப்பக்கம் விலகி முடிகிறது. எழுதி முடித்த பின் பார்த்தால், இரு கீற்றுகளும் கூரையின் இரு சரிவுகளைப் போல ஏறத்தாழ ஒரே மட்டத்தில் வந்து நிற்க வேண்டும்.

தொடும் இடத்தைப் பற்றி இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. இரண்டாவது கீற்று முதல் கீற்றின் தலையைத் தாண்டி மேலே எழுந்துவிட்டால், அது ‘நுழைதல்’ என்னும் பொருளுடைய ‘ரு’ என்ற வேறொரு எழுத்தாகிவிடும். இரண்டும் தொடாமல் விலகி நின்றால் ‘எட்டு’ என்னும் எண்ணைக் குறிக்கும் ‘பா’ ஆகிவிடும். ‘வாய்’ என்னும் பொருளுடைய ‘கோவ்’ எழுத்தை ‘ரென்’னுக்குப் பின் எழுதினால் ‘மக்கள்தொகை’ என்று பொருள். ‘ரு’வுக்குப் பின் எழுதினால் ‘நுழைவாயில்’ என்று பொருள். ஆகவே ரயில் நிலையப் பலகை ஒன்றைப் படிக்கும்போது, இந்தச் சிறு வேறுபாட்டைக் கண் உடனே பிடித்தாக வேண்டும்.

கால்களை அகட்டி நிற்கும் மனிதனின் படம் இது என்று பல பாடங்களில் சொல்லித் தருகிறார்கள். நினைவில் வைக்க அது உதவலாம், வரலாறு வேறு. ஹெனான் மாநிலத்தின் அன்யாங்கில் கிடைத்த, 3,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஷாங் அரசமரபுக் காலத்து எலும்புகளிலும் ஆமை ஓடுகளிலும், இந்த எழுத்து பக்கவாட்டில் நின்று கையை முன்னால் தாழ்த்தியிருக்கும் ஒருவரின் வடிவமாகவே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆக, இந்த இரு கீற்றுகளும் இரு கால்களாகத் தோன்றியவை அல்ல; கையும் உடலுமாகத் தோன்றியவை.

உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. இதன் முதல் ஒலி நம் ரகரத்தைவிட ழகரத்துக்கே நெருக்கமானது. நாக்கின் நுனியை ழகரத்துக்கு வளைப்பதுபோல் வளைத்துத் தொடங்கினால் பெரும்பாலும் சரியாக வரும். குரலைத் தாழ்விலிருந்து மேலே ஏற்றிச் சொல்வது கட்டாயம், ஏனெனில் இது சீனப் பொதுமொழியான மாண்டரினின் இரண்டாம் தொனியில் அமைந்த சொல்.

பயன்பாட்டில் முதலில் அறிய வேண்டியது, எண்ணுக்கும் ‘ரென்’னுக்கும் இடையில் ‘கெ’ என்னும் அளவைச் சொல் வர வேண்டும் என்பதே. மூன்று பேர் என்பதற்கு ‘சான் கெ ரென்’. இரண்டு பேர் என்பதற்கு, ஒன்று, இரண்டு என எண்ணும்போது வழங்கும் ‘அர்’ என்பதை விட்டுவிட்டு, ‘லியாங் கெ ரென்’. எத்தனை பேரானாலும் ‘ரென்’ மாறாது. நாட்டின் பெயருக்குப் பின் இதைச் சேர்த்தால் அந்நாட்டவர் என்றாகும்: ‘வோ ஷி யிந்து ரென்’ என்றால் ‘நான் இந்தியர்’. சீனப் பணமான ‘ரென்மின்பி’யின் முதல் எழுத்தும் இதுவே, அந்நாட்டு நோட்டு கைக்குக் கிடைத்தால், மேலே அச்சிடப்பட்டிருக்கும் மத்திய வங்கியின் பெயரில் மூன்றாவது எழுத்தாக இதைக் காணலாம்.

தனியே எழுதுவது கைவந்த பிறகு, மற்ற எழுத்துகளுக்குள் இது எப்படி மாறுகிறது என்று பழகுங்கள். இடப்பக்க உறுப்பாகும்போது இரண்டாவது கீற்று செங்குத்தான கோடாகிவிடும். ‘அவன்’, ‘நீ’ ஆகியவற்றுக்கான எழுத்துகள் இவ்வாறே தொடங்குகின்றன. அந்த உறுப்போடு மரத்தைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்தால் ‘ஓய்வெடுத்தல்’ என்னும் பொருள் தரும் ‘ஷியூ’. இரண்டு ‘ரென்’களை அருகருகே எழுதினால் ‘பின்தொடர்தல்’ என்னும் ‘ட்சொங்’ கிடைக்கும். அப்போது வலப்பக்கத்தவருக்கு இடம்விடும் வகையில், இடப்பக்க ‘ரென்’னின் ‘நா’ நீளாமல் ஒரு சிறு புள்ளியாகச் சுருங்க வேண்டும். மூன்றைக் கோபுரமாக அடுக்கினால் ‘பலர்’ என்னும் ‘ஜோங்’. அங்கே கீழ்வரிசையின் இடப்பக்கத்தில் அதே புள்ளியை வையுங்கள், மேலே உள்ளதன் இரு கீற்றுகளையும் கீழிருப்பவற்றை மூடும்படி அகலமாக விரியுங்கள்.