பன்ட் உதைக்கப் பழகுவது

அமெரிக்க உதைபந்தாட்டத்தில், கையிலிருந்து விட்ட பந்தை நிலத்தில் படுமுன் எதிரணிப் பக்கம் உதைப்பதுதான் பன்ட். கிளிநொச்சியில் நான் பெடியளுக்கு அதை றக்பி பந்தில்தான் பழக்குகிறேன். அது போதுமா என்று கேட்பார்கள். போதும், வேறொரு முட்டை வடிவப் பந்தில் ஆடும் ஆஸ்திரேலிய விதி உதைபந்தாட்டத்திலிருந்து போன பென் கிரகாம், 2009 சூப்பர் போலில், அதாவது அமெரிக்க உதைபந்தாட்ட இறுதிப் போட்டியில், பன்ட் உதைப்பவராக ஆடினார்.

முதலில் உதைக்கவே விடமாட்டேன். வலக்காலால் உதைப்பவர் பந்தை வலக்கையில் இடுப்புயரத்தில் பிடித்து, முனை சற்று உள்ளே பார்க்க, அப்படியே விட வேண்டும். மேலே எறியக் கூடாது. அது சுழலாமல் விழும்வரை இதே வேலைதான். அப்புறம் இரண்டு எட்டு, விரல்களை நீட்டி, பாதத்தின் மேற்புறத்தால் உதை. சோளகக் காற்றுக்கு எதிரே என்றால் இன்னும் தாழ விடுங்கள்.

தூரத்தை விட உயரமே எனக்குப் பெரிது. பந்து 4.5 செக்கன் வானில் நின்றால் சக வீரர்கள் ஓடிப்போய், அதைப் பிடிக்கும் எதிரணி வீரரை மறிக்கலாம். ஒருவர் உதைக்க, மற்றவர் கைபேசியில் நேரம் பிடியுங்கள்.