நாகர்கோவிலுக்கு திருவிழா பாக்க வாரீங்களா? மாசத்த முதல்ல முடிவு பண்ணுங்க

கன்னியாகுமரி பாக்க வாரவங்க நிறைய பேரு விடியகாலைல சூரிய உதயம், அப்புறம் விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலைன்னு முடிச்சிட்டு சாயங்காலம் ரயில் ஏறிடுறாங்க, இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்குற நாகர்கோவில பஸ் மாறுற இடமா மட்டும் பாத்துட்டு போறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். இந்த ஊரோட கதை தெரியணும்னா ஏதாவது ஒரு திருவிழா நடக்கும்போது வரணும். அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னால எந்த மாசம்னு முடிவு பண்ணுங்க.

எனக்கு கேட்டா நவம்பர் கடைசில வாங்கன்னு சொல்லுவேன். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா பத்து நாள், டிசம்பர் 3-ல முடியும், அன்னைக்கு மாவட்டத்துக்கே லீவு விடுவாங்க. கடைசி நாட்கள்ல தேர் பவனி இருக்கு, தேருக்கு பின்னால தரைல உருண்டு நேர்ச்சை செலுத்துறவங்கள பாப்பீங்க, கையில உப்பும் மிளகும் வச்சிருப்பாங்க, அதுல எல்லா மதத்துக்காரங்களும் இருப்பாங்க. கோயிலுக்குள்ள போனா தேவசகாயம் பிள்ளை கல்லறைய கண்டிப்பா பாருங்க. 1741-ல குளச்சல் போர்ல திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரங்கள தோற்கடிச்சாரு இல்லையா, அதுல பிடிபட்ட டச்சுப்படை அதிகாரி டிலனாய் அப்புறம் அதே ராஜாவோட படைக்கே தளபதி ஆனாரு, அவர்கிட்ட பழகித்தான் அரண்மனை வேலைல இருந்த நீலகண்ட பிள்ளை கிறிஸ்தவரா மாறி தேவசகாயம் ஆனாரு, 1752-ல ஆரல்வாய்மொழி பக்கம் காத்தாடிமலைல சுட்டுக் கொன்னாங்க, 2022-ல போப் அவர புனிதரா அறிவிச்சாரு. டிலனாய் கல்லறை தக்கலை பக்கம் உதயகிரி கோட்டைக்குள்ள இருக்கு. ரெண்டையும் ஒரே நாள்ல பாத்தீங்கன்னா அந்த காலத்து திருவிதாங்கூர் கொஞ்சம் கண்ணுல தெரியும்.

அந்த வாரம் முடியாதுன்னா மார்கழில சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் திருவிழா. நாகர்கோவில்ல இருந்து டவுன் பஸ்ல ஏறினா சீக்கிரமே போயிரலாம். எல்லாரும் ஒன்பதாம் நாள் தேரோட்டத்துக்குதான் வருவாங்க, நான் மூணாம் நாள் மக்கள்மார் சந்திப்பு பாருங்கன்னு சொல்லுவேன். கோட்டாறுல இருந்து பிள்ளையாரும் வேளிமலைல இருந்து முருகனும் அப்பா அம்மாவ பாக்க திருவிழா வீட்டுக்கு வருவாங்க, ராத்திரி சாமி பல்லக்குகள் நேருக்கு நேரா நிக்கும்போது கூடியிருக்குற பாட்டிமாரு கண்ணு கலங்கி நிப்பாங்க, புள்ளைங்க தூரத்து ஊர்ல இருக்குற வீட்டுக்காரங்களுக்கு அது நல்லாவே புரியும். தேரன்னைக்கு வந்தீங்கன்னா குழந்தைங்கள வடத்துக்கிட்ட விடாதீங்க, கூட்டம் தள்ளும்.

நாகராஜா கோயில் தேரோட்டம் தை மாசம். ஊருக்கு பேரே அந்த கோயில வச்சுத்தான். ஆனா அத தேரோட்டம் இல்லாத ஒரு அமைதியான காலைல பாக்கணும். மூலவர் இருக்குற இடத்துக்கு இன்னைக்கும் ஓலைக்கூரைதான், வருஷாவருஷம் மாத்தி மேயுவாங்க, உள்ள தரை ஈரமா இருக்கும், அந்த மண்ணத்தான் பிரசாதமா குடுப்பாங்க. வெளிய வந்ததும் உடனே கிளம்பிடாதீங்க, தூண்கள மெதுவா பாருங்க, ஒண்ணுல மகாவீரர், இன்னொண்ணுல தலைக்கு மேல பாம்பு படம் எடுத்த பார்சுவநாதர். ஒரு காலத்துல சமணக் கோயிலா இருந்த இடம் இது. ஆவணி ஞாயிறுல வந்தா நாகர் சிலைகளுக்கு பால் ஊத்தி மஞ்சள் தூவுற கூட்டம், கல்லு நிறமே தெரியாது, மஞ்சளும் பாலும் கலந்து தரை வழுக்கும், பாத்து நடங்க.

ஒரு விஷயம், ஆண்கள் இங்க முக்கிய கோயில்கள்ல சட்டையக் கழத்திட்டுத்தான் உள்ள போகணும். 1956 நவம்பர் 1 வரைக்கும் இது மலையாள நாட்டோட இருந்த பூமி, கோயில் முறைகள் அப்படியே தொடருது. வேட்டி கொண்டுவந்தா வசதி.

மாசில வாரவங்களுக்கு வேற மாதிரி. சிவராத்திரிக்கு முந்தின நாள் முஞ்சிறைல ஆரம்பிச்சு திருநட்டாலம் வரைக்கும் பன்னிரண்டு சிவன் கோயிலயும் ஓடியே கும்பிடுற சிவாலய ஓட்டம், சிவன் கோயிலுக்கு ஓடுறவங்க "கோவிந்தா கோபாலா"ன்னு கூப்பிட்டுட்டு கையில விசிறியோட போறது வேற எங்கயும் கிடையாது. முழுசா ஓட பழக்கம் வேணும், திற்பரப்புல நின்னு பாத்தாலே போதும், அருவியும் அங்கேயே இருக்கு. மாசி 20-ல அய்யாவழிய தொடங்கின அய்யா வைகுண்டர் அவதார தினம், நாகர்கோவில்ல இருந்து சாமித்தோப்புக்கு ஊர்வலம் போகும், தலைப்பாகை கட்டித்தான் பதிக்குள்ள, அதாவது அவங்க வழிபாட்டு இடத்துக்குள்ள, ஆண்கள் நுழைவாங்க, தலைப்பாகை கட்டக்கூடாதுன்னு ஒடுக்கி வச்சிருந்த ஜனங்க அத கிரீடம் மாதிரி கட்டின இடம், மரியாதையோட நில்லுங்க. அதே மாசம் மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் கொடைவிழாவும் இருக்கு, அங்க பெண்கள் இருமுடி கட்டி வருவாங்க.

நவராத்திரிக்கு வந்தா, அது தொடங்குறதுக்கு சில நாள் முன்னால சாமி கிளம்புற அன்னைக்கு பத்மநாபபுரம் அரண்மனைக்கு காலைலயே போயிருங்க. 1795 வரைக்கும் திருவிதாங்கூர் தலைநகரம் அதுதான், தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு போனாலும் பூஜைக்கு தேவாரக்கட்டு சரஸ்வதி இங்க இருந்துதான் யானை மேல போறா, கூடவே வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும். கம்பர் கும்பிட்ட சரஸ்வதின்னு ஊர்ல சொல்லுவாங்க. அரண்மனைல ராஜாவோட உடைவாள் கைமாறும், வாசல்ல இருந்து தக்கலை ரோடு வரைக்கும் ஜனம் நிக்கும்.

தங்குறதுக்கு நாகர்கோவிலே போதும், வடசேரி இல்லன்னா மீனாட்சிபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரூம் எடுங்க, டிசம்பர் ஜனவரில சபரிமலை போற சாமிமாரு வந்து கன்னியாகுமரி முனைல ரூம் கிடைக்கிறது கஷ்டம். தமிழ் மாசக் கணக்குல வர்ற தேதிங்க வருஷத்துக்கு வருஷம் நகரும், அந்த வருஷத்து பஞ்சாங்கம் பாத்துக்கிடுங்க. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டுல இருந்தாலும் நடத்துறது கேரள அரசு, திங்கக்கிழமை லீவு, அன்னைக்கு போகாதீங்க.