இறால் பாயிலுக்கு என்ன சைட் டிஷ் வைக்கலாம்? புதிதாகச் செய்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவின் தென் கரோலினா, ஜார்ஜியா கடற்கரைப் பக்கம் கோடை விருந்து என்றால் முற்றத்தில் ஒரு பெரிய அண்டா ஏறிவிடும். மசாலாத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க உருளைக்கிழங்கு, ஸ்மோக்ட் சாசேஜ், சோளக்கதிர், கடைசியில் இறால் என்று ஒவ்வொன்றாகப் போடுவார்கள். வெந்ததும் தண்ணீரை வடித்து, செய்தித்தாள் விரித்த நீள மேசையில் அப்படியே கொட்டிவிடுவார்கள். சுற்றி நின்று கையால் உரித்துச் சாப்பிட வேண்டியதுதான். இதுதான் இறால் பாயில். அந்தக் கடலோரத் தாழ்நிலப் பகுதிக்கு லோகன்ட்ரி என்று பெயர் என்பதால் லோகன்ட்ரி பாயில் என்றும் சொல்வார்கள். போஃபோர்ட் நகரை ஒட்டிய செயின்ட் ஹெலினா தீவில் ஃப்ராக்மோர் என்றொரு ஊர் உண்டு. அந்த ஊர்ப் பெயரைச் சேர்த்து ஃப்ராக்மோர் ஸ்ட்யூ என்றும் சொல்வார்கள். லூசியானாவில் இதையே காரத்தைக் கூட்டிச் செய்கிறார்கள்.

அண்டாவுக்குள் என்ன போடுவது என்பது கஷ்டமில்லை. அதோடு என்ன வைப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். உருளைக்கிழங்கு சாலட், மேக் அண்ட் சீஸ், பாஸ்தா என்று மேசையை நிரப்பிவிடுவார்கள். அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் வயிறு திம்மென்று ஆகிவிடும். அதிகச் செலவு பிடித்த இறால் மீந்து கிடக்கும். கீழே உள்ள அளவுகள் 8 பேருக்கானவை.

படி 1: அண்டாவில் இல்லாதது எது என்று பாருங்கள்

8 பேருக்கு அண்டாவில் போவது: தலை நீக்கி ஓட்டோடு உள்ள இறால் 2 கிலோ, சின்ன உருளைக்கிழங்கு ஒன்றரை கிலோ, சாசேஜ் 900 கிராம், சோளக்கதிர் 6 (ஒவ்வொன்றும் மூன்று துண்டாக). மேலே உருக்கிய வெண்ணெய். மாவுச்சத்து, கொழுப்பு, உப்பு, காரம் நான்கும் இதிலேயே தாராளமாக இருக்கின்றன. எல்லாமே சூடு, எல்லாமே மெத்தென்று இருக்கும்.

இல்லாதவை புளிப்பு, குளிர்ச்சி, மொறுமொறுப்பு, நீர்ச்சத்து. சைட் டிஷ் இவற்றைக் கொண்டுவர வேண்டும். அதனால் புளிப்பாக ஒன்று, குளிர்ந்த பழம் ஒன்று, தொட்டுத் துடைக்க ரொட்டி ஒன்று, சாஸ் இரண்டு. இதற்கு மேல் வைத்தால் செய்பவருக்குத்தான் வேலை கூடும். சாப்பிடுபவர்கள் தேட மாட்டார்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். சாப்பிடுபவரின் இரண்டு கையிலும் வெண்ணெயும் மசாலாவும் ஒட்டியிருக்கும். கத்தியால் வெட்டிச் சாப்பிடும் எதுவும் சரிப்படாது. சாலடைப் பெரிய பாத்திரத்தில் பொதுவாக வைத்தால் எடுக்க ஆள் வராது. சின்னக் காகிதக் கப்புகளில் முன்கூட்டியே பரிமாறி, ஆளுக்கொரு ஃபோர்க் செருகி வையுங்கள்.

படி 2: புளிப்பான சாலட்

இந்த விருந்தில் இறாலுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். எங்கள் தேர்வு வினிகர் சேர்த்த கோல்ஸ்லா, அதாவது முட்டைக்கோஸ் சாலட். மயோனைஸ் போட்டதை விட்டுவிடலாம். அண்டாவில் ஏற்கெனவே வெண்ணெயும் சாசேஜ் கொழுப்பும் இருப்பதால் மயோனைஸ் நாக்கில் இன்னொரு படலமாகப் படியும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுப் பாதுகாப்பு விதியும் ஒரு காரணம்: கெட்டுப்போகக்கூடிய உணவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். கோடையில், முற்றத்தில், அந்த ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

தேவையானவை: முட்டைக்கோஸ் 1 கிலோ, கேரட் 2, உப்பு 1 டேபிள்ஸ்பூன், ஆப்பிள் சைடர் வினிகர் அரை கப், சர்க்கரை 3 டேபிள்ஸ்பூன், வாசனையில்லாத எண்ணெய் கால் கப், செலரி விதை 1 டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன்.

முட்டைக்கோஸை நடுத்தண்டு நீக்கி, தீக்குச்சிக் கனத்தில் நீளமாக நறுக்குங்கள். துருவ வேண்டாம்; துருவினால் கூழாகிவிடும். உப்பைத் தூவிக் கையால் நன்றாகப் பிசறி, ஒரு மணி நேரம் வடிகட்டியில் வையுங்கள். பிறகு ஒரு பிடி எடுத்துப் பாருங்கள்: இலை வளையும், ஆனால் கடித்தால் நறுக்கென்று இருக்கும், விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டும். அந்தத் தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிடுங்கள். இதைத் தவிர்த்தால் என்ன ஆகும்? கோஸில் ஊறிய உப்பும், பிறகு சேர்க்கும் வினிகர் கலவையின் சர்க்கரையும் மேசைக்குப் போன பிறகு அதே தண்ணீரை வெளியே இழுக்கும். கப்பின் அடியில் குளம் கட்டும், புளிப்பு சப்பென்று ஆகும்.

வினிகர், சர்க்கரை, எண்ணெய், செலரி விதை, மிளகு ஐந்தையும் ஒரு கொதி விட்டு ஆறவைத்து, கோஸ், கேரட்டோடு கலந்து குறைந்தது 2 மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். உப்பு மேற்கொண்டு போட வேண்டாம். செலரி விதையை விட்டுவிடாதீர்கள். லோகன்ட்ரி பாயிலுக்குப் பலரும் போடும் ஓல்டு பே மசாலாவில் செலரி உப்பு உண்டு. சாலடிலும் அந்த வாசனை இருந்தால் இரண்டும் ஒட்டிப்போகும்.

கோஸ் பிடிக்காதவர்களுக்கு வெள்ளரிக்காய். 1 கிலோ வெள்ளரியை மெல்லிய வட்டங்களாக நறுக்கி, 2 டீஸ்பூன் உப்பில் அரை மணி நேரம் வைத்துப் பிழிந்து, ஒரு பெரிய வெங்காயம், அரை கப் வினிகர், 2 டேபிள்ஸ்பூன் சர்க்கரை சேருங்கள். இது கோல்ஸ்லா போல நிற்காது. அன்றே செய்து அன்றே தீர்க்க வேண்டும்.

படி 3: ரொட்டி

கார்ன்பிரெட் (மக்காச்சோள மாவு ரொட்டி), ஹஷ் பப்பி (அதே மாவில் பொரிக்கும் உருண்டை), பூண்டு தடவிய பிரெஞ்சு ரொட்டி மூன்றும் வழக்கத்தில் உள்ளவை. ஹஷ் பப்பி ருசியில் முதலிடம்தான். ஆனால் 180 டிகிரி எண்ணெயில் சிறிது சிறிதாகப் போட்டு எடுக்க ஒருவர் அடுப்படியிலேயே நிற்க வேண்டும். அதே நேரத்தில்தான் அண்டாவையும் கவனிக்க வேண்டியிருக்கும். கூட ஒரு கை இருந்தால் மட்டும் அதில் இறங்குங்கள். தனி ஆளாகச் செய்பவருக்குக் கார்ன்பிரெட்தான் தோது.

மக்காச்சோள மாவு 150 கிராம், மைதா 125 கிராம், பேக்கிங் பவுடர் 3 டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன், பட்டர்மில்க் 300 மில்லி, முட்டை 2, உருக்கிய வெண்ணெய் 80 கிராம். தென் மாநிலங்களில் சர்க்கரையே போடாமல் செய்பவர்கள் ஏராளம். இங்கே சொல்லியிருக்கும் ஒரு ஸ்பூன், நிறம் வருவதற்காக.

இந்தியாவில் செய்பவர்கள் இரண்டு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். கார்ன்ஃப்ளோர் என்று விற்கும் வழவழப்பான வெள்ளை மாவு வெறும் ஸ்டார்ச். அதில் ரொட்டி வராது. விரலில் தேய்த்தால் நறநறக்கும் மஞ்சள் மக்காச்சோள மாவு வேண்டும். அடுத்தது பட்டர்மில்க். நம் நீர்மோர் அதற்கு ரொம்பத் தண்ணீர். 225 மில்லி கெட்டித் தயிரில் 75 மில்லி பால் கலந்து அடித்தால் சரியான பதம் கிடைக்கும்.

25 சென்டிமீட்டர் இரும்புச் சட்டியை ஓவனுக்குள் வைத்தே 220 டிகிரிக்குச் சூடாக்குங்கள். உலர்ந்த மாவுகளைத் தனியாகவும், முட்டை, பட்டர்மில்க், 60 கிராம் வெண்ணெயைத் தனியாகவும் கலந்து, பிறகு இரண்டையும் சேர்த்துப் பத்துப் பதினைந்து கிளறலோடு நிறுத்துங்கள். மாவில் சின்னச் சின்னக் கட்டி இருந்தால் பரவாயில்லை. அடித்துக் கலக்கினால் மைதா இழுபட்டு ரொட்டி ரப்பராகிவிடும். சூடான சட்டியில் மீதி 20 கிராம் வெண்ணெயைப் போட்டதும் நுரைக்கும். உடனே மாவை ஊற்றுங்கள். ‘சொய்ங்’ என்று சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் வராவிட்டால் அடிப்பக்கம் மொறுமொறுப்பாகாது. 20 முதல் 22 நிமிடம் போதும்.

சோறு இல்லாமல் விருந்தா என்று கேட்பவர்கள் வீட்டில் இருந்தால் அதற்கும் அந்த ஊரிலேயே வழி இருக்கிறது. தக்காளியில் வேகவைக்கும் ரெட் ரைஸ், அந்தக் கடலோரத்து கல்லா கீச்சி மக்களின் (அங்கே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள்) சமையல். மேற்கு ஆப்பிரிக்க ஜொலாஃப் சோற்றோடு உறவுள்ளது. அதை வைப்பதானால் அண்டாவில் உருளைக்கிழங்கைப் பாதியாகக் குறைத்து, கார்ன்பிரெட்டை விட்டுவிடுங்கள்.

படி 4: தொட்டுக்கொள்ள

காக்டெய்ல் சாஸ்: கெட்சப் 1 கப், ஜாடியில் விற்கும் ஹார்ஸ்ராடிஷ் (மூக்கில் ஏறும் காரமுள்ள ஒரு வேரின் துருவல்) 3 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், வூஸ்டர்ஷைர் சாஸ் 1 டீஸ்பூன். கலந்து குளிரவையுங்கள், அவ்வளவுதான். ஹார்ஸ்ராடிஷ் கிடைக்காவிட்டால் கடுகைப் பச்சையாக அரைத்து 2 டீஸ்பூன் சேர்க்கலாம். மூக்கில் ஏறும் அந்தக் காரம் கடுகிலும் உண்டு.

வெண்ணெய் சாஸ்: உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், நசுக்கிய பூண்டு 4 பல், எலுமிச்சைச் சாறு 2 டேபிள்ஸ்பூன். சிறு தீயில் உருக்கி, பூண்டு சிவக்கும் முன் இறக்கிவிடுங்கள். உப்பு வெண்ணெய் கூடவே கூடாது. கொதிநீரில் போட்ட உப்பு இறாலிலும் கிழங்கிலும் ஊறியிருக்கும். அதன் மேல் உப்பு வெண்ணெயும் சேர்ந்தால் ஒரு கட்டத்துக்கு மேல் வாய் தாங்காது.

இவை தவிர நான்கு எலுமிச்சையைத் துண்டுகளாக்கி மேசையில் அங்கங்கே வையுங்கள். கையில் ஒட்டும் இறால் வாடையைப் போக்கவும் அது உதவும்.

படி 5: பழமும் பானமும்

தர்பூசணி, தோலோடு ஆளுக்கு 300 கிராம். முக்கோணத் துண்டாக வெட்டி, தோல் கைப்பிடியாக இருக்கும்படி விடுங்கள். முந்தின இரவே முழுப் பழமாகக் குளிரவைத்து, சாப்பிடுவதற்குச் சற்று முன்புதான் வெட்ட வேண்டும். வெட்டி வைத்தால் நீர் விட்டு நைந்துபோகும். இனிப்பு வேண்டுமென்றால் பீச் காப்ளர் (பீச் பழத்தின் மேல் மாவு போட்டு ஓவனில் வேகவைப்பது) அல்லது பனானா புடிங், இரண்டில் ஒன்றை முதல் நாளே செய்து வையுங்கள்.

பானத்துக்கு ஐஸ் போட்ட ஸ்வீட் டீ: 2 லிட்டர் தண்ணீர், 8 டீ பை, முக்கால் கப் சர்க்கரை. சர்க்கரையைச் சூட்டிலேயே கரைத்துவிடுங்கள், ஆறிய டீயில் அது அடியில் தங்கிவிடும். கொதிக்கும் டீயை நேராகக் குளிர்பெட்டியில் வைத்தால் கலங்கிப்போகும்; வெளியே ஆறவிட்டுப் பிறகு வையுங்கள். லூசியானா காரத்தில் செய்தால் ஒரு ஜாடி மோரும் தயாராக இருக்கட்டும். மிளகாயின் காரச்சத்து தண்ணீரில் கரையாது. பாலிலும் மோரிலும் உள்ள புரதமும் கொழுப்பும்தான் அதைப் பிடித்துக்கொண்டு போகும்.

படி 6: வேலையை நேரத்தில் பிரிப்பது

இறால் 2 அல்லது 3 நிமிடத்தில் வெந்துவிடும். C போல வளைந்து இளஞ்சிவப்பானால் சரியான பதம். இறுகி வட்டமாகச் சுருண்டால் ரப்பர். அந்த நேரத்தில் நீங்கள் கோஸ் பிழிந்துகொண்டிருக்கக் கூடாது. இறால் போட்ட பிறகு உள்ள கடைசி நிமிடங்கள் முழுக்க அண்டாவுக்கு மட்டும்.

மாலை 7 மணிக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் இரவு காக்டெய்ல் சாஸ், இனிப்பு, டீ. அன்று மதியம் 2 மணிக்கு முட்டைக்கோஸில் உப்பு. 3 மணிக்குப் பிழிந்து கலந்து குளிர்பெட்டிக்கு. 5:45க்கு அண்டாவில் தண்ணீரும் மசாலாவும் ஏற்றுங்கள். 15 லிட்டர் தண்ணீர் கொதிக்க வீட்டு அடுப்பில் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம், இதில்தான் பலருக்கு நேரம் தப்பிப்போகிறது. 6:20க்குக் கார்ன்பிரெட் ஓவனுக்குள். 6:35க்கு உருளைக்கிழங்கு, 6:45க்கு சாசேஜ், 6:50க்குச் சோளம். அதன் பிறகு வெண்ணெய் சாஸை உருக்கி, சாலட் கப்புகளையும் ரொட்டியையும் மேசைக்குக் கொண்டுபோய்விடுங்கள். 6:56க்கு இறால். 6:59க்கு வடித்துக் கொட்டுங்கள். லூசியானா முறைப்படி செய்பவர்கள் அடுப்பை அணைத்து, ஐஸ் போட்டு வேகுவதை நிறுத்தி, மசாலாத் தண்ணீரிலேயே கால் மணி நேரம் ஊறவிடுவார்கள். அப்படியானால் எல்லாவற்றையும் கால் மணி நேரம் முன்னதாகவே தொடங்குங்கள்.

சைவம் சாப்பிடுபவர், ஒவ்வாமை உள்ளவர் வந்தால்

இதை அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள். இறால் ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த அண்டாவில் வெந்த கிழங்கும் சோளமும்கூட ஆபத்து. அதே கரண்டி பட்டால்கூட ஆபத்து. தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில், அதே மசாலாவில், கிழங்கு, சோளம், காளான், முழுப் பூண்டு வேகவைத்து வேறு மேசையில் வையுங்கள். சைவக்காரர்களுக்கும் இதுவே போதும், ஆனால் கார்ன்பிரெட்டில் முட்டை இருப்பதையும், வூஸ்டர்ஷைர் சாஸில் வழக்கமாக நெத்திலி இருப்பதையும் சொல்லிவிடுங்கள். பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் இருந்தால் சாசேஜை வான்கோழியில் வாங்கிக்கொள்ளலாம்.

மீந்த இறாலை மேசையிலிருந்து உடனே எடுத்து உரித்து மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் குளிர்ந்தபடியே காக்டெய்ல் சாஸோடு சாப்பிடலாம். மறுபடி சூடாக்கினால் இறுகிவிடும். வினிகர் கோல்ஸ்லா மூன்று நாள் வரை தாங்கும்.