கடலோர ஊரில் பழைய கார்: முதல்முறை வாங்குபவர்களுக்கான வழிகாட்டி

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" மதுரையிலோ திண்டுக்கல்லிலோ வாங்கி அங்கேயே ஓட்டுபவர்களுக்கு அது சரிதான். மண்டபம், பாம்பன், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி பக்கத்து வண்டியென்றால் முதலில் கேட்க வேண்டியது வேறு: "இத்தனை வருஷமா வண்டி எங்கே நின்னுச்சு?"

காரணம் உப்பு. கடல் காற்றோடு வரும் நுண்ணிய உப்பு வண்டியின் எல்லா இடுக்கிலும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து, இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலமாகிவிடும். நம் பக்கத்தில் இரவும் விடியற்காலையும் இந்த அளவை எட்டுவது சாதாரணம். அதனால் மழையே பெய்யாவிட்டாலும், ஷெட்டுக்குள் சும்மா நின்றாலும் வண்டி துருப்பிடிக்கும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதற்கும் அரிப்புதான் காரணம். அவ்வளவு பெரிய இரும்பையே தின்கிற காற்று, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கார் தகட்டை என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இஞ்சின் போனால் பிரித்துச் சேர்க்கலாம், கியர்பாக்ஸ் போனால் மாற்றலாம். அடிப்பாகம் உளுத்துப் போன வண்டிக்கு நியாயமான செலவில் வைத்தியம் கிடையாது. கீழே சொல்வதையெல்லாம் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

படி 1: போகும் முன்பே போனில் பார்ப்பது

பதிவெண்ணை வாங்கி எம்பரிவாஹன் செயலியில் போடுங்கள். முதல் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் எதுவரை, கடன் பாக்கி இருக்கிறதா என்பது தெரியும். இ-சலான் பாக்கியையும் பாருங்கள். கடன் காட்டினால், வங்கியின் தடையில்லாச் சான்றும், பதிவிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35-ம் கையில் வராமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். தனியார் காருக்குப் பதிவு 15 வருடம்; அதன்பின் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 13, 14 வயது வண்டி மலிவாக வந்தால் அந்தப் புதுப்பிப்புச் செலவையும் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

டி.என். 65, அதாவது ராமநாதபுரம் பதிவு, என்றாலே கடலோர வண்டி என்று முடிவு கட்ட வேண்டாம். பரமக்குடியில் நின்ற வண்டிக்கும் தங்கச்சிமடத்தில் நின்ற வண்டிக்கும் ஏகப்பட்ட வித்தியாசம் உண்டு. என்னைக் கேட்டால், முடிந்தவரை மதுரை, மானாமதுரை பக்கம் ஓடிய வண்டியாக வாங்கி இங்கே கொண்டுவருவேன். ஐந்தாயிரம் பத்தாயிரம் கூடுதலாக இருந்தாலும் சரி.

படி 2: வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பது

பகலில், வண்டி கழுவாமல் இருக்கும்போது பார்க்கக் கேளுங்கள். டார்ச், சின்ன காந்தம், ஸ்க்ரூடிரைவர், இரண்டு ஈர்க்குச்சி, விரிக்க ஒரு பழைய சாக்கு. இவ்வளவுதான் கருவி. முடிந்தால் விற்பவரிடம் சொல்லி வாட்டர் சர்வீஸ் கடையில் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். அதற்கு ஆகும் சில நூறு ரூபாய்தான் இந்த வியாபாரத்திலேயே உருப்படியான செலவு.

கதவிலிருந்து தொடங்குங்கள். கதவைத் திறந்தால் அடி விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் தண்ணீர் வெளியேற வைத்தவை. ஈர்க்குச்சியை உள்ளே விட்டுக் கிளறுங்கள். நல்ல வண்டியில் குச்சி தங்குதடையின்றிப் போகும். கடற்கரை வண்டியில் முதலில் மணல் பொலபொலவென்று கொட்டும்; பிறகு பழுப்புத் தூள் வரும். மணல் மட்டும் வந்தால் பரவாயில்லை. தூளும் கூட வந்தால் கதவு உள்ளேயிருந்து அரித்துக்கொண்டிருக்கிறது; வெளியே பெயின்ட் பளபளப்பாக இருப்பதை நம்பிப் பயனில்லை. அடி ரப்பரை விரலால் விலக்கி, அதன் பின்னால் பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் ரன்னிங் போர்டு, அதாவது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுப்பெட்டி. ஜாக்கி வைக்கும் இடத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். "டங்" என்று கேட்டால் சரி. "தொப்" என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே துரு, அல்லது மேலே கனமாகப் பட்டி, அதாவது பள்ளம் ஓட்டையை மறைக்கும் பசை, பூசியிருக்கிறார்கள். காந்தம் ஒட்டாத இடமெல்லாம் பட்டி என்று சந்தேகப்படலாம். பிளாஸ்டிக் பம்பரில் ஒட்டாது, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

டிக்கியில் விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்துப் பாருங்கள். வாசனையும் பிடித்துப் பாருங்கள். இங்கே ஓடிய ஆம்னி, ஈகோ போன்ற வண்டிகளில் மீன்பெட்டி ஏற்றியிருப்பார்கள். ஐஸ் கரைந்து ஒழுகும் உப்புத்தண்ணீர் நேராக டிக்கித் தரைக்குத்தான் போகும். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்திருந்தால் கூடுதலாகக் கவனியுங்கள்.

கடைசியாக அடியில்: முன்சக்கரத்தைத் தாங்கும் சட்டம், பிரேக் பைப், பெட்ரோல் டாங்கைப் பிடித்திருக்கும் பட்டை, சைலன்சர். மேலோட்டமான செம்பழுப்பு எல்லா வண்டியிலும் இருக்கும், பயப்பட வேண்டாம். செதில் செதிலாகப் பெயர்ந்தாலும் ஸ்க்ரூடிரைவர் நுனி அமுங்கினாலும் எழுந்து வந்துவிடுங்கள். சைலன்சர் ஓட்டையாக இருந்தால் அது பேரம் பேச உதவும். சட்டத்தில் துரு என்றால் பேரமே வேண்டாம். அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்பு அடித்திருந்தால் ஏன் அடித்தார்கள் என்று கேளுங்கள்.

படி 3: "ஓடவே இல்ல" வண்டி

"வெளிநாட்டுக்காரர் வண்டிண்ணே, ஷெட்டை விட்டு எறக்கவே இல்ல, இருபதாயிரந்தான் ஓடியிருக்கு." கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் புரோக்கர்கள் இதைச் சொல்லித்தான் விலையை ஏற்றுவார்கள். பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் பத்து மாதம் நின்று இரண்டு மாதம் ஓடிய வண்டிக்கு அதற்கே உரிய கோளாறுகள் உண்டு: இறுகிப்போன பிரேக், ஒரே இடத்தில் அழுந்திய டயர், செத்த பேட்டரி, எலி கடித்த ஒயர்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-வது வாரம் தயாரானது. பட்டன் எவ்வளவு தேயாமல் இருந்தாலும், ஆறேழு வயதான டயருக்குப் புது டயர் விலையைக் கழித்தே பேசுங்கள். பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் தூத்துக்குடியிலும் நிறைய கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக்கறைக் கோடு தெரிந்தால் வண்டி தண்ணீரில் நின்றது.

இஞ்சினைக் காலையில், சூடாகும் முன் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. ஆயில் மூடியின் உள்பக்கம் பால்போல் இருந்தாலும் அதே சந்தேகம்தான். மீதியைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். விற்பவர் கூட்டிவரும் மெக்கானிக்காக இருக்கக் கூடாது. ஏசியை மட்டும் நீங்களே கால் மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். முன்னால் இருக்கும் கண்டன்சரில் (ஏசியின் சூட்டை வெளியேற்றும் வலைத்தகடு) உப்பு ஏறி, தொட்டால் தகடு உதிர்கிறது என்றால் வெயில் காலத்துக்குள் செலவு வைக்கும்.

படி 4: பேப்பர் மாற்றுவது

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் இருவர் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். பழைய ஃபாஸ்டேக்கை விற்பவர் மூடினால்தான் நீங்கள் புதிது ஒட்ட முடியும். இல்லாவிட்டால் போகலூர் டோலில் நின்றுகொண்டு அவருக்குப் போன் போட வேண்டியிருக்கும்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு வந்துவிடும். உங்கள் வண்டிச் சேதத்துக்கான காப்பு மாற்றினால்தான் வரும். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) அவருடையது, உங்களுக்கு வராது. பழைய வண்டிதானே என்று மூன்றாம் நபர் காப்போடு நிறுத்திக்கொள்பவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. வெள்ளம், புயல் சேதமெல்லாம் முழுக் காப்பில்தான் வரும். அதிலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இஞ்சின் போனால் தனியாக இஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பு எடுத்திருக்க வேண்டும்.

படி 5: வருடக் கணக்கு

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் சின்ன பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால் வருடத்துக்கு 750 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 75,000. நான்கு டயர் ஏறக்குறைய 16,000, அது 40,000 கிலோமீட்டர் ஓடினால் வருடத்துக்கு 4,800. பேட்டரி நான்கு வருடத்துக்கு ஒன்று என்று 1,250. வெளிப்பட்டறை சர்வீஸ் 7,000 வரை. 1,000 சி.சி.க்கு மேல் 1,500-க்குள் இருந்தால் 2022 ஜூன் கட்டணப்படி மூன்றாம் நபர் பிரீமியம் 3,416, வரியோடு 4,031. துருவுக்கென்று தனியாக 5,000. பெட்ரோல் போக வருடம் 22,000 சொச்சம்.

இதில் கிளட்ச், சஸ்பென்ஷன் போன்ற திடீர்ச் செலவுகள் சேரவில்லை. வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கை முதல் வருடத்துக்கென்று தனியே வைத்துவிடுங்கள். கையில் இருப்பதை எல்லாம் போட்டு ஒரு படி பெரிய வண்டி வாங்குவதைவிட இது நிம்மதி.

படி 6: வாரன்டி என்றால் எதற்கு?

தனி ஆளிடம் வாங்கினால் அவர் வாய்வார்த்தைதான். கம்பெனி வாரன்டி பாக்கி இருந்தால் அது வழக்கமாக வண்டியோடு வரும். சர்வீஸ் விடாமல் செய்திருக்க வேண்டும். மாருதி 2024 ஜூலையில்தான் 2 வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர் என்று இருந்ததை 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டராக ஆக்கியது. அதற்கு முன் வாங்கிய வண்டிக்கு "மூணு வருஷம் இருக்கு" என்று யாராவது சொன்னால், நீட்டிப்பு வாரன்டிச் சீட்டைக் கேளுங்கள்.

மாருதியின் ட்ரூ வேல்யூ போன்ற பழைய கார் விற்கும் இடங்களில் சான்று பெற்ற வண்டிக்கு வாரன்டி தருகிறார்கள். வாங்கும் முன் அதில் எது சேராது என்ற பக்கத்தைப் படியுங்கள். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டயர், பேட்டரி இருக்காது. துருவும் பெரும்பாலும் இருக்காது. ஆக நமக்கு வரக்கூடிய பெரிய செலவுக்கே அங்கே இடமில்லை. பேட்டரி வாங்கும்போது கார்டில் தேதியும் கடை முத்திரையும் போட்டு வாங்குங்கள். மொத்த மாதக் கணக்கில் முதல் பகுதிக்குத்தான் இலவச மாற்று, மீதிக்குக் கழிவு மட்டும். பட்டறையில் மாற்றிய பாகத்துக்கு பில் இல்லாவிட்டால் எந்த வாரன்டியும் செல்லாது. கடைக்காரர் இழுத்தடித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பில் அங்கேயும் வேண்டும்.

படி 7: கழுவுவது

வாரம் ஒருமுறை கழுவச் சொல்வார்கள். எந்தத் தண்ணீரில் என்று சொல்ல மாட்டார்கள். நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் உவர். அதில் கழுவிக் காயவிட்டால் காற்று கொண்டுவந்த உப்போடு நாமும் கொஞ்சம் சேர்த்த மாதிரிதான். முதல் அலசல் போர் தண்ணீராக இருக்கட்டும். கடைசியில் ஒரு வாளி நல்ல தண்ணீர், மழைநீரோ காவிரித் தண்ணீரோ, ஊற்றித் துணியால் துடைத்துவிடுங்கள். காவிரித் தண்ணீரைக் காருக்கா என்று வீட்டில் சத்தம் வரும்; அதனால் ஒரு வாளிக்கு மேல் வேண்டாம். ரேடியேட்டரில் போர் தண்ணீர் கூடவே கூடாது, கூலன்ட் மட்டும்தான்.

தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை போய்வந்தால் அன்றைக்கே மட்கார்டு உள்பக்கமும் அடிப்பாகமும் தண்ணீர் அடியுங்கள். அங்கே ரோட்டை விட்டு மணலில் இறக்காதீர்கள்.

பிளாஸ்டிக் கவரை இறுகப் போர்த்துவதும் கெடுதல். ஈரம் உள்ளேயே நிற்கும். காற்றில் கவர் அடித்து, இடையில் சிக்கிய மணல் பெயின்ட்டைத் தேய்க்கும். நாலு பக்கமும் திறந்த கீற்றுக் கொட்டகை எவ்வளவோ மேல். டயரில் சீமைக் கருவேலமுள் ஏறியிருக்கிறதா என்று கழுவும்போதே பார்த்துவிடுங்கள். டியூப்லெஸ்ஸில் காற்று உடனே இறங்காது, மெல்ல இறங்கும்.

படி 8: துரு வந்துவிட்டால்

கொப்புளம் நகத்தளவு இருக்கும்போதே சுரண்டுங்கள். எமரி பேப்பரால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, மிச்சம் ஒட்டியிருக்கும் துருவைக் கட்டிப்போட ரஸ்ட் கன்வெர்ட்டர், பிறகு ஜிங்க் பிரைமர், அதன்மேல் டச்சப் பெயின்ட். அரைநாள் வேலை, நீங்களே செய்யலாம். ஓட்டை விழுந்துவிட்டால் டிங்கரிங்தான். அப்போது ஓட்டையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். பட்டியை அடைத்துப் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் திரும்ப வரும்.

அடிப்பாகத்துக்கு அடிக்கும் காப்புப் பூச்சான அண்டர்கோட்டிங் நல்லதுதான், நன்றாகக் கழுவி, முழுக்கக் காய்ந்து, துருவை எடுத்தபின் அடித்தால். துருவின் மேலேயே அடித்தால் உள்ளே பூட்டி வைத்து வளர்ப்பதாகும். லாரிக்கு அடிப்பதுபோல் வேஸ்ட் ஆயில் அடித்துத் தருகிறேன் என்பார்கள். காரில் ரப்பர் புஷ் அதிகம், ஆயில் பட்டால் ஊதிக் கெடும்.

பேட்டரி முனையில் பச்சை, வெள்ளைப் பொடி பூத்தால் முதலில் நெகட்டிவ்வைக் கழற்றி, வெந்நீரில் துடைத்து, காய்ந்ததும் மாட்டி வாஸ்லின் தடவுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

படி 9: நிறுத்திவைத்துவிட்டுப் போவதானால்

சவுதிக்கோ துபாய்க்கோ கிளம்புமுன் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி ஒரு நாள் வெயிலில் காயவிடுங்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிடுங்கள். ஊரில் மச்சானோ தம்பியோ இருந்தால், அதை மாட்டி வாரம் ஒருமுறை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவரச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் பேட்டரி சார்ஜும் ஏறாது, சைலன்சருக்குள் தண்ணீர்தான் சேரும். ஓட்டுபவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா, இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நீங்கள் திரும்பும்வரை உயிரோடு இருக்கின்றனவா என்பதைப் பெட்டி கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.